ஏழு நிமிடச் சூடு

ஏழாவது நிமிடத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மறுபடியும் நின்றது. நிலவறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரெஸ்ட், நிற்கப்போகிறது என்று தெரிந்திருந்தும் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நீல நெருப்பு அணைந்து காற்றாடி மட்டும் வெறுமனே சுற்றியது. சிவப்பு விளக்கு நான்கு முறை சிமிட்டி, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி நான்கு முறை சிமிட்டியது. நான்கு என்றால் அளவு மீறிய சூடு என்று கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாள் சொன்னது. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. வீட்டுக்குள் பதினாறு. வீடே விறைத்துக்கொண்டிருக்கும்போது இதற்கு மட்டும் சூடு தாங்கவில்லையாம். இந்த அநியாயத்தை யாரிடம் போய் முறையிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு கெயில் வருவாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். அவள் கையில் ஒரு படிவம் இருக்கும்: கட்டில், கழிப்பறைக் கைப்பிடி, சக்கர நாற்காலி ஏற வாசல் சரிவு, வீட்டுக்குள் குறைந்தது இருபத்தொரு டிகிரி. எல்லாவற்றுக்கும் நேரே அவள் டிக் போட்டால், பக்கவாதம் வந்து ஏழு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவர் மனைவி ஸ்டெஃபா நாளை வீட்டுக்கு வருவாள். ஒன்று குறைந்தாலும் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். ஐம்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளை, பனி கொட்டும் சாலையில் காரை ஓட்டிப்போய் வாரம் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதா? அந்த நினைப்பை அவர் நெருங்கவே விடவில்லை.

ஃபர்னஸ் பழுது பார்ப்பவன் வியாழக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டான். அவனுக்கு முன்னால் பதினோரு வீடுகள் வரிசையில் நின்றன. போகட்டும், நாற்பது வருடம் தானியக் கிடங்கு மோட்டார்களோடு மல்லுக்கட்டிய எனக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று திங்கட்கிழமை காலையில் சட்டைக் கையை மடித்தவர்தான். வடிகட்டியை இரண்டு தடவை மாற்றினார். காற்றாடியைக் கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இறக்கையாகத் தேய்த்தார். வெளிச்சுவரில் புகைக்குழாயின் வாயில் உறைந்திருந்த பனியைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தார். இன்று புதன்கிழமை. ஃபர்னஸ் பளபளவென்று இருந்தது, ஓடத்தான் இல்லை.

பக்கத்து வீட்டு வாசில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தடதடவென்று படியிறங்கி வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லா இயந்திரத்தைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் உண்டு.

"என்னடா கிழவா, இன்னும் உயிர் வரலையா?"

"வருது. ஏழு நிமிசத்துல போயிடுது."

வாசில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சூடு மீறினால் நெருப்பை அணைக்கும் சின்ன சுவிட்சை விரலால் சுண்டினார். "இந்தப் பொடிப்பயதான் வம்பு பண்றான். இவன கழட்டிட்டு ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி விடு. நர்ஸ் வந்துட்டுப் போற வரைக்கும்தானே? எங்க வீட்டுல ரெண்டு வருசம் நான் அப்படித்தான் ஓட்டினேன்."

"அதான் உன் வீட்டுச் சுவரு கருகிப் போச்சு."

"அது வேற விசயம்டா."

ஒரெஸ்ட் குறட்டைக் கையில் எடுத்தார். மணி பதினொன்று கூட ஆகவில்லை. ஒயரை முறுக்கினால் இரண்டு மணிக்குள் வீடு கதகதவென்று ஆகிவிடும், கெயில் டிக் போட்டுவிடுவாள். ஒரு ஒயரைக் கழற்றியும் விட்டார். அப்புறம் தலையைத் தூக்கி மேலே மரச்சட்டங்களைப் பார்த்தார். அதற்கு நேர் மேலேதான் முன்னறை.

"வேணாம்டா. நாளைக்கு இதுக்கு நேரா மேலதான் அவ படுத்திருப்பா. ஏதாவது ஆச்சுன்னா அவளால எந்திரிச்சு ஓட முடியாது."

 ஒரெஸ்ட் ஒயரை அதன் இடத்தில் திரும்பச் செருகும்வரை வாசில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரிப் பெண் ஸ்டெஃபாவின் காதில் ரிசீவரைப் பிடித்திருந்தாள். ஸ்டெஃபாவுக்கு இப்போது வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன, நடுவில் பெரிய பெரிய இடைவெளி விட்டு.

"சாப்ட்டியா?"

"ஆச்சு," என்றார். ஜாடியைத் திறந்து ஆறிப்போன போர்ஷ் சூப்பை நின்றபடியே நாலு கரண்டி குடித்திருந்தார்.

"குரல்... சரியில்லையே."

மறைக்கத்தான் நினைத்தார். அவளிடம் அது என்றைக்குமே நடந்ததில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எப்ப... இருந்து?"

"திங்கக்கிழமை காலையில இருந்து."

"ஞாயித்துக்கிழமை... என்ன செஞ்ச?"

"கட்டில் வந்துச்சு. உன் இடத்துலயே, ஜன்னலோரமா போட்டோம். அப்புறம்..." நேரில் காட்டலாம் என்று வைத்திருந்த சந்தோஷம் அது. ஆனாலும் சொன்னார். "உன் நாற்காலிக்குப் பக்கத்துல தரையில இரும்பு வலை இருக்குல்ல? அதுகிட்ட குளிருதுன்னு முப்பது வருசமா சொல்லுவியே. பலகை வெச்சு அத அடைச்சுட்டேன். மேல உங்கம்மா குடுத்த கம்பளத்த விரிச்சிருக்கேன். இனிமே உன் காலுக்குக் குளிரே இருக்காது."

 மறுமுனையில் விட்டு விட்டு ஏதோ ஒலி வந்தது. அழுகிறாளோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். சிரிக்கிறாள் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, பாதி வாய்தானே அசைகிறது.

"மண்டு," என்றாள். ஏழு வாரத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. "அது... ஊதாது. இழுக்கும்."

"என்னது?"

"சனிக்கிழமை சனிக்கிழமை... நான்தான பெருக்குறேன். முடி... தூசு... எல்லாம் அதுல போயி ஒட்டும். ஃபர்னஸ் அதுலதான்... மூச்சு இழுக்குது. நீ... மூக்கப் பொத்திட்ட."

ஒரெஸ்ட் சுவரில் சாய்ந்தார். உள்ளே காற்று போகாமல் எதைக் கொண்டு அது சூட்டை மேலே அனுப்பும்? சூடு உள்ளேயே தேங்கித்தான் அணைந்திருக்கிறது. கிடங்கில் வேலை செய்த காலத்தில் எத்தனை பயல்களுக்கு இதையே கத்திச் சொல்லியிருப்பார். சொந்த வீட்டுத் தரையை மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

"அப்ப குளிருதுன்னு சொன்னியே?"

"குளிரும். போற காத்து எல்லாம்... கால் மேலதான போகும்." நீண்ட இடைவெளி விட்டாள். "நான் அடைக்கச் சொல்லல, ஒரெஸ்ட். நாற்காலிய... நகத்தச் சொன்னேன்."

ஆமாம், அதைத்தான் சொன்னாள். எதிர்ச்சுவரில் டிவியும் அதற்கு நேரே அவருடைய சாய்வு நாற்காலியும் இருந்தன. அவளுடையதை நகர்த்தினால் ஹாக்கி ஆட்டம் மறைக்கும். இன்னொரு சாக்ஸ் போட்டுக்கோ என்று ஒவ்வொரு குளிர்காலமும் சொன்னார். கிறிஸ்துமஸுக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன்னைப்போல் புருஷன் எவளுக்குக் கிடைப்பான் என்று நினைத்தும் இருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது.

கம்பளத்தைச் சுருட்டினார். வாசில் பலகையைப் பெயர்த்தார். ஃபர்னஸ் பற்றிக்கொண்டதும் செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து வலைமேல் போட்டார்கள். அது சட்டென்று அப்பிக்கொண்டது. வாசில் சத்தமாக நிமிடங்களை எண்ணினார். "ஆறு... ஏழு..." என்றவர் எட்டு என்பதை மிக மெதுவாகச் சொன்னார். இருபது சொல்லும்போது கூரைக்கே கேட்கும்படி கத்தினார். அப்புறம் இருவருமாக டிவியைத் தூக்கிப் பின்னறையில் போட்டார்கள். கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள்.

"ஹாக்கி எங்கடா பாப்ப?" என்றார் வாசில்.

"உங்க வீட்டுக்கு வரேன்."

"எங்க வீட்டுச் சுவருதான் கருகிப்போச்சே."

இரண்டு மணிக்குக் கெயில் வந்தபோது வீட்டில் பத்தொன்பதரை டிகிரி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஒரெஸ்டின் முகத்தையும் பார்த்தாள். "ஒரெஸ்ட், மொதல்ல டீ போடுங்க. விரலெல்லாம் மரத்துப் போச்சு," என்றாள். கழிப்பறையை நிதானமாகப் பார்த்தாள். வாசல் சரிவை அளந்தாள், அப்புறம் மறந்துபோனது போல இன்னொரு தடவையும் அளந்தாள். மூன்றாவது கோப்பை டீ முடியும்போது வெப்பமானியின் முள் இருபத்தொன்றைத் தொட்டது. அவள் பேனாவைத் திறந்தாள்.

மறுநாள் பிற்பகல் ஸ்டெஃபாவைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் போனார்கள். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். டிவி இருந்த இடத்தில் தான் கிடப்பதைப் பார்த்தாள். எதிரே இப்போது முழு ஜன்னலும் அவளுக்குத் தெரிந்தது. ஒரெஸ்ட் தன் சாய்வு நாற்காலியை அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மறைக்காமல் ஓர் ஓரமாகப் போட்டிருந்தார். அந்தச் சின்ன அறையில் அதற்கு இருந்த ஒரே இடம் இரும்பு வலையின் பக்கம்தான். அவர் அதில் உட்கார்ந்தார்.

கீழே ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. வீட்டு மூலைகளிலிருந்தெல்லாம் குளிர் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. கால்சட்டைக்குள் ஏறியது. முழங்கால்வரை கடுத்தது.

"குளிருதா?" என்றாள் ஸ்டெஃபா.

"இல்லையே."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிருது," என்றார்.  "ரொம்பக் குளிருது, ஸ்டெஃபா."

 அவள் நன்றாக இருந்த இடது கையால் போர்வையைப் பிடித்து, கட்டிலின் விளிம்பைத் தாண்டி அவர் பக்கமாகத் தள்ளத் தொடங்கினாள். விரல்கள் சுருங்கி நீண்டன, கொஞ்சம் ஓய்ந்தன, மறுபடி நீண்டன. அவர் கை கொடுக்க எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போர்வையின் ஓரம் விரற்கடை விரற்கடையாகத் தன் முழங்காலை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.