வெளியில் இருத்தப்பட்டவன்

சுவிஸின் துன் நகரத் தமிழர் உதைபந்தாட்ட அணி அந்த ஞாயிற்றுக்கிழமையும் தோற்றுவிட்டது. அந்த வருடம் அவர்கள் ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்ததும் குலேந்திரனுக்குக் கோபம் தலைக்கேறியது. அணியில் கோல் போடக்கூடிய ஒரே ஆள் அவன். அவனைத்தான் மனேஜர் தில்லைநாதன் கடைசிவரை வெளியில் இருத்திவிட்டார்.

"இந்த மனுசன் இனி எங்களுக்கு வேண்டாம். சம்மதமெண்டால் கையைத் தூக்குங்கோ!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தில்லைநாதன் கதவடியில் ஈரக் கோட்டோடு நின்றார்.

"போன மாசம் சிறீதரனையும் இப்பிடித்தான் சும்மா இருத்தினவர். வேணுமெண்டால் அவனைக் கேளுங்கோ," என்றான் குலேந்திரன்.

சிறீதரனின் கை மெல்ல இறங்கியது.

"அண்டைக்கு மனேஜர் அண்ணையின்ரை வீட்டு டெலிபோனுக்கு ஊரிலயிருந்து கோல் வந்தது," என்றான் அவன். "துடக்கு, தீட்டு இருக்கிறவனை விளையாட விடக்கூடாதெண்டு என்னை இருத்தினவர். மாட்ச் முடிய வீட்டை கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி தந்துதான் அம்மா செத்ததைச் சொன்னவர்."

ஒவ்வொரு கையாக இறங்கியது. ஒருவரும் குலேந்திரனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய கை மட்டும், இறக்க மறந்து, உயர்ந்தபடியே நின்றது.

தில்லைநாதன் கிட்ட வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"சப்பாத்தைக் கழட்டு, குலேந்திரன். வீட்டை போய்த் தேத்தண்ணி குடிப்பம்."