மாப்பிள்ளைக்கு வைத்த வேலை

பழைய கம்பளியைக் கிழித்துக் கிழித்துக் குளியலறை வென்டிலேட்டரில் திணித்துக்கொண்டிருந்தாள் ஹேமகுமாரி. கேஸ் கீசரின் புகைக்குழாய் அந்த வழியாகத்தான் வெளியே போயிற்று. குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மலையடிவாரத் தான்கோட்டில் மாக மாதக் குளிருக்கு அது போதாதா? மலையிலிருந்து இறங்குகிற காற்று ஊசிமுனை ஓட்டை கிடைத்தாலும் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். நாளைக்கு மகள் பிரபீனா கைக்குழந்தையோடு வருகிறாள். பச்சை உடம்புக்காரி. ஓமக் கஞ்சிக்கும் கடுகெண்ணெய்க்கும் ஏற்பாடு ஆகிவிட்டது, வெந்நீருக்கு இந்தப் புது கீசர். காற்று மட்டும் அவள் மேல் படக்கூடாது. கடைசித் துண்டையும் கட்டை விரலால் அழுத்திவிட்டு, அது பிடிக்கிறதா பார்ப்போம் என்று தானே முதலில் குளித்துப் பார்த்தாள். வெந்நீர் பிரமாதமாக வந்தது. குளித்து முடித்து வந்தபோது தலை மட்டும் கனத்துக் கிடந்தது. சந்தோஷத்தில் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சந்தோஷம் சாதாரணமானதல்ல. பஸ்நெத் வீட்டுப் பெண் சாதி மாறி ஒரு மகர் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவள் கணவர் தில்விக்ரம் மகளின் பெயரையே வாயில் எடுக்கவில்லை. மலைப்பாதையில் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், வளைவைப் பார்த்துத் திரும்பத் தெரிந்தவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேராகவே போய்க்கொண்டிருந்தார். பேரன் பிறந்த சேதி வந்த அன்றுதான் ஸ்டியரிங் திரும்பியது. திரும்பியதும் ஒரேயடியாகத் திரும்பிவிட்டது. வருகிற மருமகனை முறைப்படி, குறை வைக்காமல், காலில் விழுந்து வரவேற்க வேண்டும் என்றார். அவர்கள் குலத்தில் மருமகன் சாமிக்குச் சமம். அவன் மாமனார் வீட்டில் ஒரு செம்பை நகர்த்தினாலும் குடும்பத்துக்கு இழுக்கு.

அந்த மருமகன் ஜித்மான் ஆலே செய்கிற தொழிலே கீசர் மாட்டுவதுதான். அவனிடமே சொல்லிவிடலாமே என்று ஹேமகுமாரி ஒரு தடவை வாயெடுத்தாள். தில்விக்ரம் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். முதல் தடவையாக வாசல் மிதிக்கிற மருமகனிடம் குளியலறை வேலையா? கடைத்தெருவிலிருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்தார். அவன் இரண்டு தேநீர் குடித்த நேரத்தில் கீசரை மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் மதியம் டாக்ஸி வந்து நின்றது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஜித்மான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பூப்போட்ட தொப்பி, எண்ணெய் போட்டு வாரிய தலை. அழகன்தான், அது அவனுக்கும் தெரியும் என்று ஹேமகுமாரி உடனே கண்டுகொண்டாள். தில்விக்ரம் அவன் காலைத் தொடக் குனிந்தார். அதே நேரத்தில் மாமனார் காலைத் தொட அவனும் குனிந்தான், அவன் ஆட்களின் வழக்கம் அப்படி. இரண்டு தலைகளும் நச்சென்று மோதின. தொப்பி உருண்டு போய் நாய்க்குப் பக்கத்தில் விழுந்தது. பிரபீனா சிரிப்பை அடக்கக் குழந்தையின் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவனை வீட்டிலேயே நல்ல கம்பளத்தில் உட்கார வைத்தார்கள். தட்டு நிறைய வளையம் வளையமாகச் சுட்ட செல் ரொட்டி, ஆட்டுக்கறி, ஊறுகாய். தண்ணீர் எடுக்க எழுந்தான், தில்விக்ரம் ஓடிப்போய் எடுத்து வந்தார். பனியில் விறகு நனைகிறதே என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னான், அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று அமர்த்திவிட்டார்கள். ஒவ்வொரு தடவை அமர்த்தும்போதும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனதை ஹேமகுமாரி கவனித்தாள். இவ்வளவு மரியாதை செய்தும் இவனுக்கு என்ன குறை என்று அவளுக்கு உள்ளூர எரிச்சல்கூட வந்தது.

பிறகு அதே ஜன்னல் வழியாக அவன் கண் வெளிச்சுவரில் நின்றுவிட்டது. குளியலறை வென்டிலேட்டரிலிருந்து நீட்டிய புகைக்குழாய் கீழ்நோக்கி வளைந்து, பிரபீனாவுக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலுக்குச் சரியாக அடியில் முடிந்திருந்தது. கையிலிருந்த ரொட்டியை அவன் தட்டில் வைத்தான். அதற்குள் பிரபீனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள், குழந்தையையும் கூடவே குளிப்பாட்டிவிடலாம் என்று பேச்சு. ஜித்மான் எழுந்து போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"இப்ப வேண்டாம்," என்றான்.

தில்விக்ரமின் முகம் மாறியது. விருந்துக்கு வந்த இடத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறார் பார் என்று மனைவியிடம் சொல்வதுபோல, அவன் காதிலும் விழும்படி முணுமுணுத்தார். ஜித்மான் பூஜை மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கேட்டு வாங்கிக் கொளுத்தினான். வெந்நீர்க் குழாயைத் திறந்தான், கீசருக்குள் நீல நெருப்பு குப்பென்று பிடித்தது. குளியலறைக் கதவை மூடிவிட்டு, புகைக்குழாய் தொடங்குகிற இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்தான். ஹேமகுமாரி அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மேலே போக வேண்டிய புகை, யாரோ உள்ளிருந்து ஊதியதுபோல அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. அவன் மறுபடி பிடித்தான். மறுபடியும் திரும்பியது. கீசரை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

"ஊதுபத்திக்கு வாசனை இருக்கு, தெரியுது. இந்த நெருப்பு விடுற விஷத்துக்கு வாசனையே கிடையாது. தலை கனக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

தலை கனக்கும் என்றதும் ஹேமகுமாரி வென்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தாள். நேற்று தன் தலை எப்படி இருந்தது என்று அவள் மெல்லச் சொன்னாள். சொல்லும்போதே பிரபீனாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தன் கையால், ஆசை ஆசையாக, ஒரு ஓட்டை விடாமல் அடைத்தாளே. மகளுக்கும் பேரனுக்கும் அவள் அடைத்து வைத்தது இந்த விஷத்தையா!

ஜித்மான் மாமனாரைப் பார்த்து, லாரி சைலன்சரை வளைத்து டிரைவர் சீட்டுக்கே விட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும் என்றான். அது தில்விக்ரமுக்குப் புரிந்தது. ஆனாலும் தோற்க மனமில்லை, அந்தக் கடைத்தெரு ஆளை நாளைக்கே கூப்பிட்டு உதைக்கிறேன் என்றார். அப்போதுதான் ஜித்மானுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கும் அவனத்தானா கூப்பிடுவீங்க? எங்க ஊர்ல மாமனார் வீட்டுல ஒரு விசேஷம்னா ஆடு அறுக்கறதுலேர்ந்து அண்டா கழுவற வரைக்கும் மாப்பிளதான். வேல வைக்காத மாப்பிள, மாப்பிளயே இல்ல. என் தொழில் இதுன்னு தெரிஞ்சும் வேற ஆள வெச்சீங்க. வழியில போறவனுக்குச் சோறு போடற மாதிரி உக்கார வெச்சிருக்கீங்க."

தில்விக்ரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். காலில் விழுந்ததை இவன் இப்படியா எடுத்துக்கொண்டான் என்பது அவர் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு விறுவிறுவென்று கொல்லைப்புறம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் ஹேமகுமாரி பயந்தாள். ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்.

வேலைப் பையைக் கொண்டுவரவே கூடாது என்று பிரபீனா ஜித்மானிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். ஆனாலும் அது மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, உள்பனியனோடு அந்தக் குளிரில் அவன் ஏணியில் ஏறினான். கம்பளித் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டபோது ஒன்றிரண்டு கருகிப் பழுப்பேறியிருந்தன. பழைய குழாயை மொத்தமாக இறக்கினான். கடைக்குத் தானே போய் நல்ல தகரக் குழாயாகப் பார்த்துத் தட்டித் தட்டி வாங்கி வந்தான்.

ஹேமகுமாரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தாள். எத்தனையோ ஆட்கள் இந்த வீட்டில் வேலை செய்திருக்கிறார்கள், இப்படி ஒரு கையை அவள் பார்த்ததில்லை. கீசரிலிருந்து குழாயை முதலில் நேராக உயர்த்தினான். சுவரைத் தாண்டும் இடத்தில் வெளிப்பக்கம் மேலேறும்படி சாய்வு கொடுத்து, அதைக் கண்ணால் நம்பாமல் மட்டம் வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஸ்க்ரூ, அதன் மேல் தீக்குத் தாங்குகிற பூச்சு. வெளிச்சுவரோடு பிடித்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கொண்டுபோய், மழையும் எதிர்க்காற்றும் இறங்காதபடி மூடி போட்டான். வாய் மட்டும் ஓயவில்லை. தன்னைப்போல் மாட்டுகிறவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இல்லை என்று ஏணி மேலிருந்தே அறிவித்தான். பீற்றிக்கொள்ளட்டும், இந்தக் கைக்கு அந்த வாய் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் குளியலறைக் கதவின் அடியில் ஒரு துண்டை அறுக்க வேண்டும் என்றான். தில்விக்ரம் ஆசையாகச் செய்த, உறுதியான சால் மரக் கதவு அது. ஹேமகுமாரியே தயங்கினாள்.

"குளிர்க்காத்து வருமே, மாப்பிள. பச்சை உடம்பு."

"வரட்டும்மா. காத்து இல்லாம நெருப்பு எரிஞ்சா அதுதான் விஷம். அந்தக் குளிர் அவளக் கொல்லாது."

தில்விக்ரம் ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மரத்தூள் இருவர் காலிலும் விழுந்தது.

மறுபடி ஊதுபத்தி. கதவை மூடி, வெந்நீரைத் திறந்துவிட்டு, இந்தத் தடவை ஹேமகுமாரியின் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். புகை ஒரு கணம் தயங்கிவிட்டு, நூல் பிடித்ததுபோல் குழாய்க்குள் ஏறியது. அவள் கையை நகர்த்திப் பார்த்தாள். எங்கே பிடித்தாலும் அது மேலேயே போனது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதற்கும் இரங்கவில்லை. தானே மாட்டியதாக இருந்தாலும், வாளியை நிரப்பி, கீசரை அணைத்த பிறகுதான் யாரும் கதவைச் சாத்த வேண்டும் என்று பிரபீனாவிடம் கண்டிப்பாகச் சொன்னான். மூடியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று மாடிக்கு ஏறினான்.

ஹேமகுமாரி இரண்டு வாளிகளையும் நிரப்பிக்கொண்டே முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தில்விக்ரம் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினார், விட்டுவிட்டார், மறுபடி செருமினார்.

"மாப்பிள," என்றார். "மேல இருக்கறப்பவே அந்தத் தண்ணித் தொட்டி மூடியையும் பாத்துடுங்க. ஒரு வருஷமா ஆடுது. அப்புறம் இறங்கி வந்து விறக மாத்தி அடுக்கணும், நனையுது."

கைப்பிடிச் சுவருக்கு மேலே கரி படிந்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் புதுக் குழாயிலிருந்து வெள்ளை ஆவி எழுந்து, மாலை வெயிலில் நேராக மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.