இரண்டு அங்குலச் சுருட்டை

மௌரீன் இரண்டாவது நல்லி எலும்பையும் ரயானின் தட்டில் வைத்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, மாமியார் ஏதோ கேட்கப்போகிறாள். அவன் மனைவி ஜூலியா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் நல்லி எலும்பு மாமனார் ரெமிஜியஸுக்குத்தான் போகும். அன்று காலைப் பூசையில் மைத்துனி குளோரியாவின் திருமண ஓலையை இரண்டாம் முறையாக வாசித்திருந்தார்கள். "இவர்களுக்குள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சொல்லி ஃபாதர் ஒரு கணம் நிறுத்தினார். அந்த ஒரு கணம் மௌரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை. திங்கக்கிழம கல்யாணம். எனக்கு ஒரே ஒரு கவலதான் ரயான்."

"சொல்லுங்க அத்தை."

"அவ முடி."

"முடிக்கு இங்க வரைக்கும் கேக்குது மம்மி!" என்று சமையலறையிலிருந்து குளோரியாவின் குரல் வந்தது.

மௌரீன் குரலைத் தாழ்த்தவில்லை. "மாப்பிள்ள டொமினிக்கோட அம்மா போன் பண்ணி, பார்லர் புக் பண்ணியாச்சான்னு கேக்குறாங்க. அதுக்கு என்ன அர்த்தம்? இந்தக் காட்டுக்கு மேல தலைல போடுற நெட்டு எங்க நிக்கும்? வெள்ளிக்கிழம பத்து மணிக்கு இந்திராநகர்ல முடிய நேராக்கச் சொல்லி வெச்சிருக்கேன். பண்ணா மூணு நாள் தண்ணி படக்கூடாது. கரெக்டா திங்கக்கிழம ஆயிடும். நான் சொன்னா எகிறுவா. நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க."

"இது எங்க வம்சத்து முடி மாப்ள. எங்கிட்டருந்து வந்தது" என்றார் ரெமிஜியஸ், தன் வழுக்கையைத் தடவியபடி.

"உங்ககிட்டருந்து வந்துச்சு, சரி. உங்ககிட்ட இருந்தது எங்க போச்சு?" என்றாள் மௌரீன்.

ரெமிஜியஸ் ரசத்துக்குப் போனார். ரயான் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "சரி அத்தை" என்றான்.

ஜூலியா போன இந்த மூன்று வருஷமாக அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். சாப்பிட வா என்றால் சரி. ஜோகுபாளையத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொம்மனஹள்ளியில் தன் வீட்டுப் பக்கமாக வந்துவிடு என்று அண்ணன் சொன்னால் அதற்கும் சரி. ஆனால் போகவில்லை. லிஃப்ட் நிறுவனமொன்றில் சர்வீஸ் இன்ஜினியர் வேலை. ஒரு நாளைக்கு ஆறேழு கட்டடங்கள். லிஃப்ட் கண்ணாடி முன்னால் ஊரே தலையைச் சரிசெய்துகொள்வதை அவன் பார்த்திருக்கிறான். ஏழாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் ஒரு பெண் நான்கு தடவை முன்முடியை அமுக்கிவிடுவாள். கூட நிற்கிற கருவிப் பெட்டிக்காரனை யாரும் கண்டுகொள்வதில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

குளோரியா மட்டும் எதையும் அமுக்கிவிடுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அல்சூர் பக்கம் ஒரு பியு (பிளஸ் டூ) கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறாள். பிள்ளைகள் அவளுக்கு நூடுல்ஸ் மிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது தெரிந்த அன்றே கரும்பலகையில் ஒரு சுருள்கோடு வரைந்து, 'இதற்குச் சமன்பாடு எழுதுபவர் மட்டும் அப்படிக் கூப்பிடலாம்' என்று எழுதிவைத்தாளாம். முடிக்குத் தடவ ஆளி விதையை வேகவைத்து, துணியில் பிழிந்து, அந்தக் கொழகொழப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைப்பாள். ஜெல்லி என்று நினைத்து ரெமிஜியஸ் ஒரு நாள் சர்க்கரை தூவி இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டார். மௌரீனோ மகள் அசந்த நேரத்தில் உலர்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுப்பாள். இழுக்க இழுக்க அது பஞ்சுபோல் விரியும். "பாத்தியா, எப்பிடிக் கெடக்குது!" என்பாள். ஈரத்தில் விரலால் கோதினால் அதே முடி தனித்தனிச் சுருளாக இறங்கும் என்பதை அவள் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

ஜூலியாவுக்கும் அதே முடிதான். பெண் பார்க்கப் போன அன்று ரயானின் அம்மா கேக்கைக் கடித்துக்கொண்டே, "பொண்ணு லட்சணமா இருக்கா. முடி மட்டும் கொஞ்சம் படிஞ்சு இருந்தா..." என்று இழுத்தாள். ரயானும் கேக்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்று ஜூலியாவின் முடி தண்ணீர்போல வழிந்தது. ஃபாதர் மோதிரத்தையும் தாலியையும் மந்திரித்துவிட்டு மணமக்கள் மேல் தீர்த்தம் தெளிக்க, அவள் சட்டென்று கழுத்தைச் சாய்த்து ஒதுங்கினாள். வீடியோவில் அது நன்றாகவே விழுந்திருந்தது. "பேய்கூட தீர்த்தத்துக்கு இப்பிடி ஒதுங்காது" என்று ரெமிஜியஸ் சொல்ல, குடும்பமே வருஷக்கணக்கில் சிரித்தது. மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்று பார்லரில் சொன்னதை அவள் அன்றிரவு ரயானிடம் சொன்னாள். அவனும் சிரித்தான். அவள் தலையிலிருந்து ஆய்வுக்கூட மருந்துபோல் ஒரு நெடி வந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கல்யாண வாசனை என்றால் இன்றைக்கும் அதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்வருவாள். காதுக்குப் பின்னால் தோல் வெந்து வரும். தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். ஒரு நாள், "இனிமே பண்ணப்போறதில்ல" என்றாள். அவன் சரி என்றான். எட்டு மாதம் கழித்து டெங்கு வந்தது. ஐந்தே நாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாக ரயான் ஸ்கூட்டரை பார்லருக்குக் கீழே நிறுத்தினான். வழி முழுக்கக் குளோரியா பேசவில்லை. அதுவே வழக்கத்துக்கு மாறானது. பார்லர் முதல் மாடியில் இருந்தது. படியேறியவன் நான்காவது படியில் நின்றுவிட்டான். மேலே கதவு திறந்து யாரோ வெளியே வந்தார்கள். கூடவே அந்த நெடியும் வந்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சேலை. மதியம் வகுப்பு இருக்கிறது போல. வெயில் பக்கவாட்டில் விழுந்து அவள் முடியின் ஓரமெல்லாம் செம்பு நிறமாகத் தெரிந்தது.

"மம்மி மூணு நாளா நைட்டு சாப்புடல. தெரியுமா? வெறும் டீ. அதான் வந்தேன். சண்ட போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு மாமா. நீங்க சொல்லுங்க. பண்ணிக்கோன்னு நீங்க உங்க வாயால சொன்னா, மேல போயி உக்காந்துடுறேன். சத்தியமா. ஆனா சும்மா சரின்னு சொல்லக்கூடாது."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். கீழே இளநீர்க்காரர் யாரிடமோ கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா பார்லருக்குப் போறத நிறுத்தினப்ப உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

"நீங்க?"

"சரின்னேன்."

"அவ்ளோதானா?"

"ம்."

"அன்னிக்கு எனக்குப் போன் பண்ணா. 'அந்தாளு ஏன்னுகூட கேக்கல குளோ'ன்னு சிரிச்சா. வளர்ந்து முழுசா சுருண்டதும் உங்க முன்னாடி வந்து நிக்கணும்னு ஆசையா இருந்தா."

முழுசாக வளரவில்லை. வேரிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் சுருண்டிருந்தது. அதற்குக் கீழே பழைய நேர்முடி செத்த வைக்கோல்போலத் தொங்கியது. ரயான் அதைச் சரியாகப் பார்த்தது ஒரே ஒரு நாள். கூடத்தில் சவப்பெட்டிக்குள் அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலையணை மேல் அந்த இரண்டு அங்குலமும் நெற்றியைச் சுற்றி எழும்பி நின்றது. மௌரீன் அழுதுகொண்டே உள்ளே போனவள் முடியை நேராக்கும் மின்சாரக் கருவியோடு வந்தாள். என் பிள்ளை ஒழுங்காகப் போகணும் என்றாள். வயர் எட்டவில்லை.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நான்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றான் ரயான்.

குளோரியா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் இந்தப் பேச்சு இருவருக்குமிடையில் வந்ததில்லை.

"தெரியும். பாத்தேன்" என்றாள். "நான்தான் தலையத் தூக்கிப் புடிச்சேன். பின்பக்கமும் பண்ணணும்னாங்க மம்மி. புடிச்சேன். என் கையில சூடு பட்டுச்சு மாமா. அவளுக்குப் படல."

படியேறி வந்த ஒரு பெண் இருவரையும் சுற்றிக்கொண்டு மேலே போனாள். கதவு திறந்து மூடியது. நெடி மறுபடி இறங்கிவந்தது. ரயானுக்கு அழுகை வரவில்லை. எதுவோ ஒன்று கீழிருந்து ஏறி, நிற்கவேண்டிய தளத்தில் நிற்காமல் வாய்வரை வந்துவிட்டது.

"வேணாம்" என்றான்.

"என்னது?"

"வேணாம் குளோரியா. பண்ணிக்காத. எந்திரி."

அவள் எழவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவன் மட்டும் படியேறிப் போய், வரவேற்பில் இருந்த பெண்ணிடம், பத்து மணிக்கு வரவேண்டியவர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டு வந்தான். வேறு தேதி வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றான். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாகவே இருந்தது.

மௌரீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சுருட்டையோடு உள்ளே வருவதைப் பார்த்தாள். பின்னாலேயே வந்த மருமகனையும் பார்த்தாள்.

"கேக்கலயா அவ?"

"அவ கேட்டா அத்தை. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"நீங்களா? உங்கள எதுக்கு அனுப்பினேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க? நாலு பேர் முன்னாடி என் தலதான் குனியணும்!"

"ஜூலியாவுக்கும் அன்னிக்கே சொல்லியிருக்கணும். நான் வயர மாட்டிட்டு நின்னேன்."

கத்தி நின்றது. எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"என் பொண்ண அழகா அனுப்பணும்னு நெனச்சேன்பா" என்றாள். குரலே இல்லை.

"தெரியும் அத்தை."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தபோது மௌரீன் அவனுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆனால் மதியம் அவன் தட்டில் எலும்பு விழுந்தது. ஒன்றுதான். மற்றது மாமனாருக்குப் போனது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ரெமிஜியஸின் கையைப் பிடித்துக்கொண்டு குளோரியா கோவிலுக்குள் வந்தாள். வெள்ளைச் சேலை. முடி தோளின் இரண்டு பக்கமும் இறங்கி, நடைக்கு ஏற்ப மெல்லத் துள்ளியது. கிரீடமும் நெட்டும் அதன் மேல் ஆடாமல் நின்றன. ஆர்மோனியம் ஒலிக்க, பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. சில புருவங்கள் உயர்ந்தன. பின்வரிசையில் அவளுடைய மாணவிகள் ஏழெட்டுப் பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்திக்கும் அதே மாதிரி முடி. இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டிருந்தாள். குளோரியா எவரையும் தேடவில்லை, எவரிடமும் சமாதானம் சொல்கிற சிரிப்பும் சிரிக்கவில்லை. தன் வீட்டுக்குள் நடப்பவள்போல நடந்தாள். ரயானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று வாய் திறக்காமல் நான் சாப்பிட்ட கேக்குக்கு இவள் பதில் சொல்லிக்கொண்டு போகிறாள் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த யாரோ, "பொண்ணு யாரு, உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றான், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

பூசை முடிந்து வாசலில் டொமினிக்கின் அம்மா மருமகளின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, ஒரு சுருளை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது ஒரிஜினலாம்மா?"

"ஒரிஜினல்தான் அத்தை. இழுத்துப் பாருங்க, உடனே திரும்பிப் போயிடும்."

அந்த அம்மாள் உண்மையிலேயே இழுத்துப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டொமினிக், "மம்மி, போதும், அது ஸ்பிரிங் இல்ல" என்றான். சிரிக்காதவள் மௌரீன் ஒருத்திதான். ஆனால் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குடும்பப் படம். போட்டோகிராஃபர் எல்லோரையும் இரண்டு வரிசையாக அடுக்கினான். மணமக்கள் நடுவில் நின்றார்கள். பெரியவர்கள் இரண்டு பக்கமும் நிற்க, ரயான் பின்வரிசையில், குளோரியாவுக்கு நேர் பின்னால் நின்றான். கேமராவில் கண் வைத்தவன் கையை ஆட்டினான்.

"சார், பின்னாடி இருக்குற சார்! ஸ்வல்ப குனிஞ்சு நிக்கிறீங்க பாருங்க, மேடம் முடியில உங்க பாதி மொகம் மறையுது. லெஃப்ட்ல வாங்க சார், அங்க கேப் இருக்கு."

இடது பக்கம் இடம் இருந்தது. ரயான் நிமிர்ந்து நின்றான். நகரவில்லை. காற்றில் ஒரு சுருள் எழுந்து அவன் மோவாயில் உரசியது. மௌரீனின் கை தன்னையறியாமல் மகளின் தலையை அமுக்கிவிட உயர்ந்து, பாதி வழியில் நின்றது.

"சார்?"

"இருக்கட்டும்" என்றான் ரயான். "இப்பிடியே எடுங்க."