ஆளில்லாத ஃபீல்டு

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி அழைப்பு மணிக்கான மென்பொருள் அவள் கைவேலை. நோயாளி பட்டனை அழுத்தினால் நர்சின் போனில் மணி அடிக்க வேண்டும். அழுத்தலை வாங்குவது ஒரு பகுதி, போனுக்கு அனுப்புவது வேறு பகுதி. வாங்கும் பகுதிக்குள் 'அனுப்புநர்' என்று ஒரு ஃபீல்டை, ஓர் இடத்தை, காலியாக விட்டிருந்தாள். மென்பொருள் கிளம்பும்போது, அனுப்பும் பகுதியைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைப்பது அமைப்பின் வேலை.

இன்று அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அது கிளம்பவே மறுத்தது. பதினோரு மணிக்கு வெளியீடு. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அனுப்புநர் 'கட்டாயம்' என்றிருந்ததை அவள் 'விருப்பம்' என்று, ஆளில்லாமலும் கிளம்பலாம் என்று, மாற்றினாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பாழாய்ப்போன எண்ணம்தான், வேறென்ன? சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. திரை முழுக்கப் பச்சை. கைதட்டல் வேறு.

மூன்று மணிக்கு அக்காவின் போன். இடுப்பு ஆபரேஷன் முடிந்து அம்மா படுத்திருப்பதும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

"ஏண்டி, அம்மா பெல்ல அழுத்தி அழுத்திப் பாத்தாங்களாம், ஒரு நர்சும் எட்டிப் பாக்கல. நான் வந்துதான் தண்ணி குடுத்தேன். நீ செஞ்ச பெல்லுதானே?"

அவள் போனை வைக்காமலே எழுந்தாள். மேனேஜரிடம் ஓடினாள்.

"எல்லாம் பச்சையாத்தானேம்மா இருக்கு?" என்றார் அவர்.

"அது நான் அடிச்ச பச்சை சார். அனுப்ப ஆளில்லாமலே ஓடிக்கிட்டிருக்கு. வார்டுக்குச் சொல்லுங்க, நர்சுங்க நடந்து போய்ப் பாக்கட்டும்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போனை எடுத்தார். அவள் 'கட்டாயம்' என்று திருப்பி எழுதினாள். திரை சிவந்தது. பிறகு, விழுந்த அழுத்தல்களின் பதிவைத் திறந்தாள். அம்மா ஆறு முறை. பதினான்காம் படுக்கை பத்தொன்பது முறை. அதன் பின் ஒன்றுமில்லை, நாற்பது நிமிடமாக.

"அக்கா! பதினாலாம் பெட்டுக்குப் போ. ஓடு!"

"எதுக்குடி?"

"கேக்காத, ஓடுக்கா!"

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏதோ கதவு. அவள் நாற்காலியில் உட்காரவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தவித்தாள்.

"ஒரு பெரியவருடி," அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நல்லாத்தான் இருக்காரு. அழுத்தி அழுத்தி வெறுத்துப் போயி பட்டனைத் தூக்கிப் போட்டுட்டாராம். இதைச் செஞ்சவன் எவன்னு கண்டபடி திட்டுறாரு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவர்கிட்ட போனைக் குடுக்கா," என்றாள்.