மூன்று வருட அனுபவம்

கிட்டுசாமி அமெரிக்காவில் ஒரு டெலிபோன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இன்ஜினீயர். ஐம்பத்திநாலு வயதில் வேலை போனது. போவதற்கு முன், வேலை விசாவில் வந்த ஒரு பையனுக்கு மூன்று வாரம் தன் வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். அதன்பிறகு நான்கு வருடமாக, வெளிநாட்டு ஆட்களுக்கான விசாவைக் குறைக்கச் சொல்லி செனட்டர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதிக்கொண்டிருந்தார். டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருந்த தமிழர்கள் அவரை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

1998 மார்ச்சில் வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது. நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் பேசலாம்.

பேச்சை டைப் செய்தது நஞ்சுண்டன், அவருடைய தங்கை மகன். அவனும் அதே விசாவில் வந்தவன். கிட்டுசாமியின் மனைவி பர்வதம் பிடிவாதம் பிடித்து அவனை வீட்டில் தங்கவைத்திருந்தாள்.

மூன்றாம் பக்கத்தில் அவன் கை நின்றது.

'எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன். கோயம்புத்தூரில் படித்தவன். ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. அழைத்து வந்த கம்பெனி அவனுக்கு மூன்று வருட அனுபவம் என்று பொய்யாக எழுதியது. இப்போது டல்லாஸில் ஒரு வங்கியில் இருக்கிறான்.'

போன வாரம் தோசை சாப்பிடும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னது.

"மாமா, இது நானு."

"பேர் போடலியே மாப்ளே."

"ஊரு, பேங்க் எல்லாம் இருக்குதுங்களே. கண்டுபிடிச்சா அடுத்த ஃபிளைட்ல ஏத்தி உட்ருவாங்க."

"நான் என்ன பொய்யா எழுதியிருக்கேன்?"

பர்வதம் கரண்டியோடு வந்தாள். "ஏனுங்க, புடிச்சுக் குடுக்கறதுக்கு உங்களுக்குக் கூடப்பொறந்தவ மகன்தான் கெடச்சானா? டெக்சாஸ்ல வேற ஆளே இல்லியா?"

கிட்டுசாமி திரையில் அந்தப் பத்தியை விரலால் காட்டினார்.

"எடுத்துரு."

அழித்தான். மிச்சத்தை அவர் வாசித்தார்.

"இப்ப இதுல என்ன இருக்குது? கெழவன் பொலம்பல்."

புதன்கிழமை அவர் பேசினார். ஆபீசில் ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் நஞ்சுண்டன் எழுந்து நின்றான்.

வியாழக்கிழமை ஏர்போர்ட்டிலிருந்து அவரை அழைத்து வந்தான். ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டான்.

"நல்லாப் பேசுனீங்களா மாமா?"

"உதாரணம் இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதுன்னேன்."

"சொல்லிட்டீங்களா?"

"பேரு சொல்லல. விவரத்த எழுதி அனுப்புங்க, பத்து நாள் டைம்னாங்க."

"அனுப்புவீங்களா?"

"நாலு வருஷத்துல மொதத் தடவை மாப்ளே, நான் சொன்னத ஒருத்தன் குறிச்சுக்கிட்டான்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நஞ்சுண்டன் நாற்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தான்.

மறுநாள் லஞ்ச் நேரத்தில், தனியாக வாடகைக்கு வீடு கேட்டு ஒரு அபார்ட்மென்ட் ஆபீசுக்குப் போனான். விண்ணப்பத்தில், இப்போது யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. பேனாவை வைத்தான். மாமா பெயரை எழுதினால், தேடுபவர்களுக்கு அது போதும்.

"யார் வீட்டிலும் இல்லை" என்று எழுதினான்.