சின்னத் திட்டங்கள் மூன்று

வேளாண்மைத் துறையின் பட்ஜெட் பிரிவில் அக்காவுக்கு வேலை. அன்று மதியம் வெளியே மழை தூற, அவளுக்குக் கண் சொக்கியது. தாளில் இருந்த எண்கள் தண்ணீரில் மிதப்பதுபோல் அசைந்தன. அப்போது தம்பி போன் செய்தான். விவசாயிகளுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுத்தரும் அரசுத் திட்டத்தில் அவன் பயிற்சியாளன்.

“அக்கா, அடுத்த வருஷம் எங்களுக்குச் சுத்தமா ஒண்ணுமில்லையாமே?”

“ஆமாடா. பெரிய திட்டம்னா காலம் முடிஞ்சாலும் தொடரும்னு வச்சு, பணம் ஒதுக்கிடுவாங்க. சின்னதுக்கு அந்த விதி கிடையாது. முடிஞ்சா முடிஞ்சதுதான்.”

“சின்னதா இருக்கிறது ஒரு குத்தமாக்கா?”

கேட்டுவிட்டு அவன் போனைத் தேன்பெட்டியருகே பிடித்தான். ரீங்காரம் காதுக்குள் நிறைந்தது. அறைச் சுவர்கள் மெல்ல விலகி, பூத்த மரங்களுக்கிடையே தான் நடப்பதுபோல் இருந்தது அவளுக்கு. எத்தனை ஆயிரம் தேனீக்கள், ஆனால் கேட்டது ஒரே குரல்.

திடுக்கென்று நிமிர்ந்தாள். தேனீ, மண் பரிசோதனை, விதைச் சேமிப்பு என்று அந்த வருடத்தோடு முடியவிருந்த மூன்று சின்னத் திட்டங்களையும் ஒன்றாக இணைக்கக் குறிப்பு எழுதினாள். மூன்றின் செலவும் சேர்ந்தபோது, பெரிய திட்டம் என்று விதி கேட்கும் தொகையைத் தாண்டியது.

பிரிவுத் தலைவர் இரண்டு முறை படித்தார். “பலே ஆளும்மா நீங்க!” என்று சிரித்துக்கொண்டே மேலிடத்துக்கு அனுப்பினார். மண் பரிசோதனைக்காரர் மட்டும் தன் திட்டத்தின் பெயர் போய்விட்டதே என்று முணுமுணுத்தார்.

மறுமாதம் ஒப்புதல் வந்தது. சேதி கேட்ட தம்பி மறுபடியும் போனைத் தேன்பெட்டியருகே பிடித்தான்.