ஊர்ப்பெயர் எழுதாத தும்புக் கட்டு

ஜீவமணிக்கு அந்தக் கடிதத்தில் ஒரு வரி மட்டும் பிடிபடவில்லை. இந்துமாக்கடல் தீவு ஒன்றிலிருந்து, பிரஷ் செய்ய அறுநூறு கட்டு பனந்தும்பு, பனைமட்டையிலிருந்து சீவும் நார், கேட்டிருந்தார்கள். விலையோ வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் கட்டின்மேல் போய்ச்சேரும் ஊரின் பெயரை எழுதக் கூடாதாம். கறுப்பு மையில் ஊர்ப்பெயர் குத்தாமல் அவளுடைய சரக்குக் கிட்டங்கியிலிருந்து ஒரு கட்டும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனதில்லை.

தும்பு சீவிக்கொண்டிருந்த இசக்கித்தாய் சிரித்தாள். "அத்தன தும்பா? கடக்கர மணல முச்சூடும் பெருக்கப் போறாவளோ?"

பக்கத்துக் கிட்டங்கிக் காசிலிங்கம்தான் விஷயத்தை உடைத்தார். சரக்கு தீவில் இறங்கி, பெயர் மாறி, ஆப்பிரிக்காவின் ரொடீசியாவுக்குப் போகும். அங்கே ஒரு கைப்பிடி வெள்ளையர்கள் ஊர்ச்சனத்தை அடக்கி ஆள்வதால், அவர்களோடு வியாபாரம் கூடாதென்று உலக நாடுகள் சேர்ந்து தடை போட்டிருந்தன. அது 1974.

தான் அனுப்பப் போவதில்லை என்றாள் ஜீவமணி.

"நீ மாட்டேம்பே. நானும் மாட்டேன்னா அடுத்த கிட்டங்கி ஏசுவடியான் அனுப்புவான். சரக்கு போகத்தான செய்யும், தாயி?" என்றார் காசிலிங்கம்.

ஜீவமணி தும்பு சீவும் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் வரை வேறு வேலையில்லாத பன்னிரண்டு பெண்கள் அவளை நம்பியிருந்தார்கள். தனியாக மறுத்தால் பட்டினி அவர்களுக்கு; ரொடீசியாவுக்கு ஒரு தும்பும் குறையாது.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு விலை எங்கிருந்து வந்தது? யோசிக்க யோசிக்கத் தெளிந்தது. பல நாடுகள் கதவை அடைத்ததால் சுற்றுவழி. சுற்றுவழியில் ஆளுக்கொரு கூலி. இன்னொரு கதவு அடைபட்டால் விலை இன்னும் ஏறும். ஒரு நாள் ரொடீசியாவுக்குக் கட்டுபடியாகாமல் போகும். கதவைத் திறந்து வைப்பது பேராசை அல்ல, பக்கத்துக்காரன் திறப்பான் என்ற பயம்.

பயத்துக்கு மருந்து அவளிடமே இருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று தையில் அனுப்ப வந்திருந்தது. அதை மூன்றாகப் பிரித்து, இப்போதே சீவத் தொடங்கலாம் என்று காசிலிங்கத்திடமும் ஏசுவடியானிடமும் சொன்னாள்.

"ஓன் ஆர்டர எங்களுக்கு எதுக்குத் தார?" காசிலிங்கம் சந்தேகமாகப் பார்த்தார்.

"சும்மா தரல அண்ணாச்சி. மூணு பேரும் ஊர்ப்பேரு இல்லாம ஒரு கட்டும் ஏத்தக் கூடாது. அந்தத் தீவு ஆர்டர விட்ட நட்டத்த நான் ஒருத்தியே சுமந்தா ஒரு மாசத்துல முறிஞ்சிருவேன். மூணு பேரு சுமந்தா தெரியவே தெரியாது. நாடுகளுக்கும் இதான் கணக்கு: தடைய சேந்து போட்டா மட்டும் பத்தாது, அதுல வார நட்டத்தையும் பங்கு போட்டுக்கிடணும். அப்பத்தான் தடை நிக்கும்."